சீனத்தில் எழுதப் பழகுகிறவர்களும் இணைப்புச்சொற்களும்: ஓர் எளிய விளக்கம்

சீன மொழி பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். ‘அதில் இலக்கணமே கிடையாது, சொற்களை வரிசையாக அடுக்கினால் போதும்’ என்பது ஒன்று. மற்றது, படிக்க ஆரம்பித்த சில மாதங்களில் மாணவர்கள் சொல்வது: ‘அதில் எல்லாம் ஜோடியாகத்தான் வரும். “ஏனென்றால்” போட்டால் பின்னால் “ஆகையால்” போட்டே தீர வேண்டும்.’

இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. முதல் கருத்தை நம்பி எழுதினால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும். இரண்டாவதை நம்பி எழுதினால் வரிக்கு வரி ‘ஆகையால்’, ‘ஆனால்’ என்று முட்டிக்கொண்டு நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே மாணவரின் ஒரே கட்டுரையில் இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருக்கும் என்பது. தேவையில்லாத இடத்தில் இணைப்புச்சொல் இருக்கும், தேவையான இடத்தில் இருக்காது. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன ஏற்பாடு. சீனச் சொற்களின் ஒலியை இங்கே தமிழ் எழுத்தில் தோராயமாகத் தந்திருக்கிறேன். ஏற்ற இறக்கத் தொனிகளைக் காட்டவில்லை. உதாரண வாக்கியங்களில் இணைப்புச்சொற்களை மட்டும் சீனத்தில் வைத்துவிட்டு, மற்றதைத் தமிழில் எழுதுகிறேன். அப்போதுதான் பார்க்க வேண்டியது கண்ணில் படும்.

இணைப்புச்சொல் எதற்கு?

இணைப்புச்சொல் என்பது இரண்டு சொற்களையோ இரண்டு வாக்கியத் துண்டுகளையோ சேர்த்து, அவற்றுக்கு இடையே என்ன உறவு என்று காட்டும் சொல். ஆனால், ஆகையால், அல்லது, ஏனென்றால் எல்லாம் இந்த வகை.

பேசும்போது இவை இல்லாமலே நாம் நிறையச் சமாளிக்கிறோம். ‘கரன்ட் போச்சு, மோட்டார் ஓடல’ என்று ஒருவர் சொன்னால், முதலாவது காரணம், இரண்டாவது விளைவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘குடை எடுக்கல, நல்லா நனைஞ்சுட்டேன்’ என்பதும் அப்படித்தான். உறவைச் சொல்லவில்லை, வரிசையே சொல்லிவிட்டது. இதையே ‘கரன்ட் போச்சு, மோட்டார் ஓடுது’ என்று மாற்றினால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார். அங்கே ‘ஆனா’ வேண்டும்.

வழக்கமான ரூட்டில் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பாலம் வேலை நடக்கிறது, வேறு வழியாகப் போகிறோம் என்றால்தான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். சீன எழுத்தில் இணைப்புச்சொல் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைத்தான் செய்கிறது. காரணம் முன்னால், விளைவு பின்னால். நிபந்தனை முன்னால், முடிவு பின்னால். முதலில் நடந்தது முன்னால், அடுத்தது பின்னால். இதுதான் வழக்கமான ரூட். அதில் போகும்வரை பேசாமல் போகலாம். வாசகர் எதிர்பார்க்காத பக்கம் திரும்பினால் சொல்லியாக வேண்டும்.

தமிழ் ஒட்டுகிறது, சீனம் அடுக்குகிறது

தமிழில் துண்டுகளை இணைக்கும் வேலையைப் பெரும்பாலும் வினையின் வால்தான் செய்கிறது. பெய்து, பெய்ததால், பெய்தால், பெய்தாலும்: நான்கும் ஒரே வினை, நான்கு வகை உறவு. தனியாக ஓர் இணைப்புச்சொல்லைத் தேட வேண்டிய அவசியமே பல நேரம் வருவதில்லை.

சீன வினைக்கு இப்படி வால் கிடையாது. ‘பெய்’ என்றால் எங்கேயும் ‘பெய்’தான். ஆகவே உறவைக் காட்ட இரண்டே வழி: தனிச் சொல் ஒன்றைப் போட வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் போடாமல் வரிசையை நம்பி விட்டுவிட வேண்டும்.

விட்டுவிடுவது அங்கே பழைய வழக்கம். ‘தினை விதைத்தவன் தினை அறுப்பான்’ என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கமான பழமொழி ஒன்று சீனத்தில் உண்டு: ‘ஜோங் குவா த குவா, ஜோங் தோ த தோ.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நடு கொடிக்காய் பெறு கொடிக்காய், நடு அவரை பெறு அவரை.’ ‘நட்டால்’ என்பதற்கும் ஒன்றும் இல்லை, ‘நட்டவன்’ என்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் அர்த்தத்தில் துளி சந்தேகம் வராது.

கன்ஃபூசியஸ் சொன்னதாக அவருடைய உரைத்தொகுப்பில் வரும் ஒரு வரி இன்னும் பயனுள்ளது: ‘மனிதனுக்குத் தொலைவான யோசனை இல்லை, கட்டாயம் கிட்டத்தில் கவலை உண்டு.’ ‘இல்லையென்றால்’ என்ற சொல் இந்த வரியில் எங்கும் கிடையாது. ஆனால் இரண்டாம் துண்டில் ‘கட்டாயம்’ என்று ஒரு சின்னச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அது இருப்பதால்தான் முதல் துண்டு நிபந்தனை என்று நமக்குப் படுகிறது. இந்தச் சின்னச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியே அதைப் பற்றியதுதான்.

இப்படிச் சொல் இல்லாமல், அர்த்தத்தின் ஓட்டத்தாலேயே துண்டுகள் சேர்வதற்குச் சீனத்தில் ‘யிஹெ’ என்று பெயர். 1940களில் சீன இலக்கணம் எழுதிய மொழியியலாளர் வாங் லி இதை விரிவாகப் பேசினார். ‘சீனத்தில் இலக்கணமே இல்லை’ என்ற வதந்தி இதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது என்றே நினைக்கிறேன். சொல் இல்லாத இடத்தில் வரிசை என்ற இலக்கணம் வேலை செய்கிறது. வரிசையைக் கலைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்தது: தமிழ் வினையில் ஒட்டிக் காட்டும் உறவைச் சீனம் வரிசையில் காட்டுகிறது. வரிசை போதாத இடத்தில் தனிச் சொல்லைக் கூப்பிடுகிறது.

அந்தத் தனிச் சொல்லில் இரண்டு சாதி

ஆரம்பத்தில் படிப்பவர்களை அதிகம் குழப்பும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வகை, உண்மையான இணைப்புச்சொற்கள். யின்வெய் (ஏனென்றால்), சுவோயி (ஆகையால்), ஸுவெய்ரான் (இருந்தபோதிலும்), தான்ஷி (ஆனால்), ரூகுவோ (ஒருவேளை... என்றால்). இவை துண்டின் தொடக்கத்தில், எழுவாய்க்கு முன்னால் நிற்க முடியும்.

இரண்டாம் வகையை இணைப்பு வினையடை என்று சொல்லலாம். வினையடை என்றால் வினைக்கு முன்னால் நின்று அதை விவரிக்கும் சொல். அந்த வேலையோடு முன் துண்டையும் பின் துண்டையும் கோப்பதையும் சேர்த்துச் செய்பவை இவை: ஜியூ (அப்படியென்றால்), த்ஸாய் (அப்போதுதான்), யே (-உம்), தோ (எல்லாம்), ச்சுவே (மாறாக). இவை எழுவாய்க்குப் பின்னால், வினைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். கன்ஃபூசியஸ் வரியில் வந்த ‘கட்டாயம்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

‘நீ போனால் நான் போவேன்’ என்பதைச் சீனத்தில் இப்படிச் சொல்வார்கள்:

‘ரூகுவோ நீ போ, நான் ஜியூ போ.’

ஜியூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ‘நான்’ என்பதற்குப் பின்னால். புதிதாக எழுதுகிறவர் ஜியூவையும் ஓர் ‘ஆகையால்’ என்று எண்ணிக்கொண்டு ‘ரூகுவோ நீ போ, ஜியூ நான் போ’ என்று எழுதிவிடுவார். இது வெறும் இடமாற்றப் பிழை இல்லை. எழுவாய்க்கு முன்னால் போனதும் ஜியூவின் பொருளே மாறி, ‘நான் மட்டும் போவேன்’ என்ற சாயல் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள வாக்கியத்தில் ஒரு சொல்லைக் குறைக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? பெரும்பாலான மாணவர்கள் ஜியூவை எடுப்பார்கள், அது சின்னச் சொல்தானே. சீனர்கள் ரூகுவோவை எடுப்பார்கள். ‘நீ போ, நான் ஜியூ போ’ என்பது முழுசாக நிற்கும், தினசரிப் பேச்சில் இதுதான் அதிகம். ‘ரூகுவோ நீ போ, நான் போ’ என்பது ஒரு கால் ஊன்றாமல் நிற்கும்.

என்னைக் கேட்டால், முழு விஷயத்தின் சாரமும் இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் பெரிய, கண்ணுக்குத் தெரிகிற இணைப்புச்சொல்லை மனப்பாடம் செய்துவிட்டுச் சின்ன வினையடையைக் கைவிடுகிறார்கள். சீனர்கள் பெரிய சொல்லைத் தாராளமாகக் கைவிட்டு, சின்னச் சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

‘யின்வெய் நேற்று மழை, சுவோயி நான் பள்ளிக்குப் போகவில்லை. யின்வெய் நான் பள்ளிக்குப் போகவில்லை, சுவோயி நான் வீட்டில் புத்தகம் படித்தேன். தான்ஷி புத்தகம் ரொம்பக் கடினம், சுவோயி எனக்குப் புரியவில்லை.’

இலக்கணப்படி இதில் சிவப்பு மையால் சுழிக்க ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கும் சீனருக்கு மூச்சு முட்டும். அவர் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘நேற்று மழை, நான் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டில் புத்தகம் படித்தேன், தான்ஷி புத்தகம் ரொம்பக் கடினம், புரியவில்லை.’

ஆறு இணைப்புச்சொற்கள் ஒன்றாகிவிட்டன. தங்கிய அந்த ஒன்று எது? ‘ஆனால்’. பாதை திரும்பும் இடம் அது ஒன்றுதான். காரணம்–விளைவு எல்லாம் வரிசையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன.

இன்னும் இரண்டு மாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்திருக்கின்றன. ‘நான்’ ஒரே ஒரு தடவைதான் வருகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறாதவரை சீனம் எழுவாயைத் திரும்பச் சொல்வதில்லை, துண்டுகள் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாகப் போகும். இதைப் பேசுபொருள் சங்கிலி என்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ‘நான்... நான்...’ என்று எழுதினால் சங்கிலி அறுந்துபோகும். அறுந்ததை ஒட்டத்தான் மாணவர் ‘ஆகையால்’களைத் தேடி ஓடுகிறார். இணைப்புச்சொல் அதிகமாகிறது என்றால், பல நேரம் நோய் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாவது மாற்றம், முற்றுப்புள்ளிகள் போய்க் காற்புள்ளிகள் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் தனித்தனி வாக்கியங்களாக நிற்க வேண்டியவற்றைச் சீனத்தில் காற்புள்ளி போட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். அந்தக் காற்புள்ளியே ‘இன்னும் முடியவில்லை, அடுத்ததும் இதோடு சேர்ந்தது’ என்று சொல்லிவிடுகிறது.

இதுவரை பார்த்தது: வரிசை, எழுவாயை விடுவது, காற்புள்ளி, சின்ன வினையடை. இந்த நான்கும் சேர்ந்து சுமப்பதை, மாணவர் இணைப்புச்சொல் ஒன்றின் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்.

பொருளையே மாற்றிவிடும் ஜோடிகள்

அளவு அதிகமானால் நடை கெடும், அவ்வளவுதான். ஜோடியை மாற்றிப் போட்டால் அர்த்தமே போய்விடும். இரண்டு ஜோடிகளை மட்டும் பார்ப்போம்.

ஜிர்யாவ்... ஜியூ. ஜிர்யோ... த்ஸாய். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ‘ஜிர்யாவ் உழை, ஜியூ கற்றுக்கொள்ளலாம்’ என்றால், உழைத்தாலே போதும், வந்துவிடும். ‘ஜிர்யோ உழை, த்ஸாய் கற்றுக்கொள்ளலாம்’ என்றால், உழைத்தால்தான் வரும், வேறு வழி இல்லை. முதலாவது போதுமான நிபந்தனை, இரண்டாவது தவிர்க்க முடியாத நிபந்தனை. தமிழில் ‘உழைத்தாலே’, ‘உழைத்தால்தான்’ என்று -ஏ, -தான் ஆகியவை செய்யும் வித்தியாசம் இது. ஜிர்யோ போட்டுவிட்டு ஜியூவில் முடிப்பது அடிக்கடி பார்க்கக்கூடிய பிழை.

அடுத்தது, தமிழ் பேசுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. ‘மழை பெய்தாலும் போவேன்’, ‘எவ்வளவு மழை பெய்தாலும் போவேன்’: நமக்கு இரண்டும் ஒரே -ஆலும். சீனத்துக்கு இவை இரண்டு வேறு வாக்கியங்கள். முதலாவது ‘ஜீஷி மழை பெய், நான் யே போ’. இரண்டாவது ‘பூகுவான் மழை எவ்வளவு பெரிது, நான் தோ போ’.

பூகுவானுக்குப் பின்னால் வருவது கேள்வி வடிவத்திலோ, இதுவா அதுவா என்ற வடிவத்திலோ இருந்தாக வேண்டும்: ‘வானிலை எப்படி’, ‘பெய்–பெய்யாது’, ‘யார் வா’. ‘பூகுவான் மழை பெய், நான் தோ போ’ என்று ஒரே ஒரு நிலைமையைச் சொன்னால் அது பிழை. தமிழ் மனசு -ஆலும் என்ற ஒரே கதவு வழியாக இரண்டையும் கொண்டுவருவதால் இந்தப் பிழை நமக்கு மிக எளிதாக வரும். ஜப்பானியரும் இதே இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுடைய ‘-தெமோ’வும் நம் -ஆலும் போலவே இரண்டையும் சுமக்கிறது.

‘ஹெ’ என்பது ‘மற்றும்’ இல்லை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஹெ என்ற சொல் முக்கியமாகப் பெயர்ச்சொற்களைச் சேர்க்கும்: அப்பா ஹெ அம்மா, தேநீர் ஹெ காபி. வாக்கியத் துண்டுகளைச் சேர்க்காது. ஆங்கிலத்தின் ‘அண்ட்’ எல்லாவற்றையும் சேர்ப்பதால், அதன் பழக்கத்தில் ‘நான் சீனாவுக்குப் போனேன் ஹெ வேலை செய்தேன்’ என்று எழுதுகிறார்கள். சீனத்தில் அங்கே ஒரு காற்புள்ளி போதும். ‘அவன் புத்திசாலி, உழைப்பாளி’ என்பதற்கு ‘யோ புத்திசாலி யோ உழைப்பாளி’ என்று தனி ஏற்பாடு இருக்கிறது. ‘போனேன் மற்றும் வேலை செய்தேன்’ என்று எழுதினால் தமிழிலும் உறுத்தத்தானே செய்கிறது? அந்த உறுத்தலை அப்படியே சீனத்துக்குக் கொண்டுபோங்கள், பாதிப் பிழை குறைந்துவிடும்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

வெளிநாட்டவர் சீனத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க நல்ல களஞ்சியம் ஒன்று உண்டு. ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் 1992 முதல் 2005 வரை எழுதப்பட்ட கட்டுரைகளில் 11,000-க்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து, பிழைகளைக் குறித்து, பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் கணினியில் தேடும்படி வைத்திருக்கிறது. இணைப்புச்சொல் பற்றிய ஆய்வுகள் பலவும் இதிலிருந்து எடுக்கிறவை. அதில் கொரிய மாணவர்களின் கட்டுரைகள்தான் மிக அதிகம். கொரிய மொழியும் நம்மைப் போல வினையைக் கடைசியில் வைத்து, அதன் வாலில் ‘-ஆல்’, ‘-ஆலும்’ வகை உருபுகளை ஒட்டும் மொழி. அதனால் கொரியர்களின் பிழைகளைப் பற்றி எழுதப்பட்டவை தமிழருக்கு நேரடியாகவே உதவும்.

தாய்மொழித் தாக்கம் ஒரு காரணம், அது புரிகிறது. ஒட்டு மொழி பேசுகிறவருக்கு உறவுக்குறி துண்டின் கடைசியில் வந்து பழக்கம். சீனத்தில் யின்வெய்யும் ரூகுவோவும் துண்டின் தலைப்பக்கம் வர வேண்டும். ஆங்கிலப் பழக்கம் உள்ளவர் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தையும் நிபந்தனையையும் பின்னால் வைப்பார். சீனத்தில் யின்வெய் பின்னால் வருவது உண்டு. ரூகுவோவும் ஸுவெய்ரானும் பின்னால் வருவது மிகக் குறைவு.

ஆனால் எல்லாப் பழியையும் தாய்மொழி மேல் போடுவது நியாயமில்லை. பாடம் நடத்தும் முறைக்கும் பங்கு உண்டு. ஜோடிகளை ‘யின்வெய்... சுவோயி’, ‘ஸுவெய்ரான்... தான்ஷி’ என்று சூத்திரமாகக் கொடுத்து, ஒற்றை வாக்கியத்தில் கோடிட்ட இடம் நிரப்ப வைக்கிறார்கள். ஒற்றை வாக்கியத்தில் அது சரியாகத்தான் இருக்கும். பத்தி என்று வரும்போது எதை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. போடுவதற்குப் பயிற்சி இருக்கிறது, எடுப்பதற்கு இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இரண்டு வருடம் படித்தவர்கூடத் தன் கட்டுரை ஏன் ‘வெளிநாட்டுக் கட்டுரை’ மாதிரி இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதற்கு இதுதான் காரணம்.

தவிர்ப்பு என்று இன்னொன்று இருக்கிறது. தப்பு வந்துவிடுமோ என்று பயந்து, கடினமான சொல்லைத் தொடாமலே எழுதுவது. முதல் ஆண்டில் கற்ற தான்ஷி, சுவோயி, ரான்ஹோ (அப்புறம்) ஆகியவற்றையே திரும்பத் திரும்பப் போடுவதும் இதன் மறுபக்கம்தான். பிழைகளை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது. எழுதாததில் பிழை எங்கே இருக்கும்?

அப்படியென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

கூடாது. ‘சீனத்துக்கு இணைப்புச்சொல்லே வேண்டாம்’ என்று அடுத்த எல்லைக்குப் போகிறவர்களையும் பார்க்கிறோம். எழுத்தின் வகையைப் பொறுத்தது இது. ஒரு நாளில் நடந்ததைச் சொல்லும் கதையில் நிகழ்ச்சிகளின் வரிசையே வழிகாட்டும், இணைப்புச்சொல் குறைவாகவே தேவைப்படும். வாதக் கட்டுரையில் நிலைமை வேறு. நிகழ்ச்சிகளுக்கு இருக்கிற மாதிரி வாதங்களுக்கு இயற்கையான கால வரிசை கிடையாது. எது காரணம், எது விட்டுக்கொடுப்பது, எது முடிவு என்று எழுதுகிறவர்தான் காட்ட வேண்டும். சட்டம், அறிவியல், ஆய்வுக் கட்டுரைகளில் இவை நிறையவே வரும்.

இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெருமளவில் மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு சீன எழுத்தில் இணைப்புச்சொற்கள் கூடியும் இருக்கின்றன. வாங் லியே தன் இலக்கணத்தில் இந்த ஐரோப்பியச் சாயலுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். ஆகவே பழமொழியை மட்டும் அளவுகோலாக வைத்து இன்றைய கட்டுரையை வெட்டுவது சரியாக இருக்காது.

எழுத்துக்கு ஏற்ற சொல்லைத் தேர்வதும் இருக்கிறது. தான்ஷி, கேஷி, பூகுவோ, ரான்அர் நான்கும் ‘ஆனால்’தான். கேஷி பேச்சுக்கு நெருக்கம். பூகுவோ மெதுவாகத் திரும்பும், ‘ஆனா ஒண்ணு’ என்கிற மாதிரி. ரான்அர் எழுத்துக்கே உரியது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் போட்டால் விறைப்பாக இருக்கும், ஆய்வுக் கட்டுரையில் சரியாக உட்காரும். தான்ஷி எங்கேயும் செல்லும், அதனால்தான் மாணவர்கள் அதை விடுவதில்லை.

இடம் பற்றியும் ஒரு விதி உண்டு, சீனப் பள்ளிப் பிள்ளைகளும் பிழை திருத்தும் பயிற்சியில் இதைப் படிக்கிறார்கள். இரண்டு துண்டுக்கும் ஒரே எழுவாய் என்றால் எழுவாய் முன்னால், இணைப்புச்சொல் பின்னால்: ‘அவர் ஸுவெய்ரான் ரொம்ப பிஸி, தான்ஷி வந்துவிட்டார்.’ எழுவாய் வேறு வேறு என்றால் இணைப்புச்சொல் முன்னால்: ‘ஸுவெய்ரான் அவர் ரொம்ப பிஸி, தான்ஷி அவர் மனைவி வந்துவிட்டார்.’ பேச்சில் இது தளரும். எழுத்தில் இதைப் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அடுத்த துண்டில் ஆள் மாறப்போகிறாரா இல்லையா என்பதை வாசகருக்கு அது முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

எழுதி முடித்ததும் செய்து பார்க்க ஒரு வேலை. எல்லா இணைப்புச்சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் பத்தியை உரக்கப் படியுங்கள். தடுக்காமல் போகிற இடத்தில் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். தடுக்கிற இடத்தில் முதலில் துண்டுகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ஜியூ, யே, தோ, த்ஸாய் எதுவாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குப் பிறகும் தடுக்கினால், அடித்த சொல்லைத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள்.